வரலாமாத் திட்டு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மருதந்துறைன்னு ஒரு ஊரு. ஊருக்கு நடுவுல ஆறு. வடகரை ஒரு பாளையக்காரருக்கு, தென்கரை இன்னொருத்தருக்கு. ரெண்டு பேருக்கும் சண்டை மூண்டுச்சாம். எதுக்குன்னு கேக்காதீய, அவியளுக்கே மறந்துபோச்சாம்.

துறைய அடைச்சுட்டாவ. ஈட்டிக்காரங்க நின்னுக்கிட்டு, "ஒருத்தரும் ஆத்தக் கடக்கக் கூடாது"ன்னாவ. ஊருக்கே ஒரு மருத்துவச்சி, முப்பிடாதி. அவ இருந்தது தென்கரை. வடகரைக்காரி ஒருத்தி பிரசவ வலியோட துறையில கெஞ்சிக் கெஞ்சியே உசுர விட்டுட்டாளாம், பாவி மக. அதுலேருந்து முப்பிடாதிக்குச் சோறு எறங்கல. அவ ஒத்த மக பேராச்சி வாக்கப்பட்டதும் வடகரையிலதான். அவளுக்கும் மாசம் நெறைஞ்சாச்சு.

ஒரு நாள் காலையில அக்கரையில, "யம்மோவ்!"னு சத்தம். பேராச்சிக்கு வலி கண்டுருச்சு!

ஓடுனா முப்பிடாதி. ஈட்டிக்காரன் மறிச்சான்.

"ஏலே, இந்தக் கரை யாருக்கு?"ன்னு கேட்டா முப்பிடாதி.

"எங்க ராசாவுக்கு."

"அந்தக் கரை?"

"எதிராளிக்கு."

"நடுவுல கெடக்கே மணல்திட்டு, அது யாருக்குலே?"

அவன் முழிச்சான். அக்கரைக்காரனும் முழிச்சான். அத அவியளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே!

"நான் ஆத்தக் கடக்கல. திட்டுக்குத்தான் போறேன். ஏட்டி பேராச்சி! பாதி ஆறு நீ வா, பாதி ஆறு நான் வாரேன்!"

மாமியா கைத்தாங்கலாக் கூட்டியாந்தா. திட்டுல ஒரு மறைப்பு கெடையாது. முப்பிடாதி ரெண்டு கரையயும் பாத்துச் சத்தம் போட்டா: "சும்மாத்தானலே நிக்கிய? ஈட்டியக் குடுங்கலே! தந்துட்டுத் திரும்பி நில்லுங்க!"

குடுத்தாவளாம்! நாலு ஈட்டிய நட்டு, சேலையச் சுத்திக் கட்டிட்டா. செத்தாலும் முதுகு காட்ட மாட்டோம்னு மீசைய முறுக்குனவுக அம்புட்டுப் பேரும், ரெண்டு கரையிலயும் முதுகக் காட்டி நின்னாவளாம்.

உச்சிவெயில்ல பிள்ளை வீல்னு அழுதுச்சு. பொட்டப்பிள்ளை! ரெண்டு கரையிலயும் குலவை. ஒரு ஈட்டிக்காரனே குலவை போட்டான்னு சொல்லுவாவ. நான் நம்புதேன்.

ஈட்டியத் திருப்பிக் கேட்டதுக்கு, "அடுத்தவளுக்கு வேணும்லா"ன்னுட்டாளாம். அங்கேயே குடிசையும் போட்டுட்டா. மருந்துக்கு, உப்புக்கு, பெத்தவளப் பாக்கன்னு ரெண்டு கரைப் பொம்பளைகளும் திட்டுக்கு நடந்தாவ. தடுக்க ஒருத்தனுக்கும் வாய் வரல.

இன்னைக்கும் எங்க ஊருல வளைகாப்பு அந்தத் திட்டுலதான். நாலு ஈட்டி நட்டு, சேலை கட்டுவோம். ஆம்பளை எவனானாலும், பிள்ளைக்கு அப்பனே ஆனாலும், தண்ணிக்குள்ள நின்னு, "வரலாமா?"ன்னு கேக்கணும். அதான் அதுக்குப் பேரே வரலாமாத் திட்டு. நாங்க ஒடனே பதில் சொல்ல மாட்டோம். கொஞ்ச நேரம் நிக்கட்டுமே!