அணைத்து வைத்த மைக்

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பதால் படம் பார்க்கத்தான் பேப்பரை விரித்திருந்தேன். முன் சீட்டில் ஒரு பாட்டு டீச்சர். பக்கத்தில் அவரிடம் பாட்டுக் கற்கும் கயலின் அம்மா.

“அக்கா, நவராத்திரிக்குப் புள்ளைங்க எல்லாம் சேந்து கோயில்ல பாடுனப்ப, கயல் கையில குடுத்த மைக்க நான்தான் அணைச்சு வச்சேன்” என்றார் டீச்சர்.

என் பேப்பர் மடியில் இறங்கியது.

“எதுக்கு டீச்சர்?”

“ஆட்டிசம் இருக்க புள்ள, பாதியில கத்திருமோன்னு பயம். ஊரே உக்காந்திருந்துச்சு. எம் பேரு கெட்டுரும்னு நெனச்சேன்.”

“கத்துனாளா?”

“இல்லக்கா. ஒரு வரி விடாம பாடுனா. பக்கத்துல நின்ன எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு.”

கோயில் விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாத ஆள் நான். என் கழுதைக் குரலுக்கு இதுவரை ஒருத்தரும் மைக்கை அணைத்ததில்லை.

“அவளுக்குத் தெரியும் டீச்சர். அன்னையிலேருந்துதான் கிளாஸுக்கு வர மாட்டேங்கிறா. வீட்டுல கரண்டிய வாய்கிட்ட வச்சுக்கிட்டு, ‘அம்மா, ஆன் பண்ணு’ங்கிறா. நான் கரண்டிக் காம்புல ஸ்விட்சு மாதிரி அமுக்குனாத்தான் பாடுறா.”

“திரும்பக் கூட்டிட்டு வருவீங்களாக்கா?” என்றார் டீச்சர்.

“வர்றேன். ஆனா மைக்க எப்புடி ஆன் பண்றதுன்னு மொதல்ல அவளுக்குக் கத்துக்குடுங்க. பாட்டு அப்பறம்.”