தெய்வசிகாமணி நிராகரித்த புகார்

மரக்காணம் காவல் நிலையத்தில் 19-9-2005 திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு, மனு விசாரணையின்போது எதிர்மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் ஷாகிரா. வயது 31. கணவர் பெயர் பக்கீர் முஹம்மது, ரியாத்தில் வேலை பார்க்கிறார். மரக்காணம் பள்ளிவாசல் தெருவில் குடியிருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன். கடைத்தெருவில் எஸ்.டி.டி., ஜெராக்ஸ், ஃபேக்ஸ் கடையை ஆறு வருடமாக நானே நடத்தி வருகிறேன். இதற்கு முன் என் பேரில் எந்த வழக்கும் மனுவும் கிடையாது.

என் தம்பி முஹ்சின், வயது 21, இந்த வருடம் பிப்ரவரியில் மெல்போர்னில் ஒரு தனியார் கல்லூரியில் சமையல்கலைப் படிப்பில் சேர்ந்தான். சேர்த்துவிட்டவர் மனுதாரர் தெய்வசிகாமணி. அவர் எங்கள் கடைத்தெருவிலேயே மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறார். அந்தக் கல்லூரிக்கு இந்தப் பகுதிப் பிரதிநிதி என்று சீலும் வைத்திருக்கிறார். போன பிறகுதான் தெரிந்தது, கல்லூரி என்பது ஒரு கம்பளக் கடைக்கு மேலே இரண்டு அறை. சமையல்கலை வகுப்பில் அடுப்பு கிடையாது. ஆம்லெட் போடுவதை டி.வி.யில் காட்டியிருக்கிறார்கள், நாற்பது பையன்கள் நோட்டில் குறிப்பெடுத்திருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆசிரியர் வருவதில்லை. அவர் வராத நாட்களையெல்லாம் பையன்கள் வராத நாட்களாகப் பதிவேட்டில் குறித்து, வருகை போதவில்லை, விசாவை ரத்து செய்ய எழுதப்போகிறோம் என்று ஜூலை கடைசியில் முஹ்சினுக்குக் கடிதம் கொடுத்தார்கள். விசா போனால் படிப்பும் போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கல்லூரியின் விதிப் புத்தகத்தில், இந்திய மாணவர்கள் தங்கள் குறைகளை ஊரில் உள்ள பிரதிநிதியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. படிப்பது மெல்போர்னில், குறை சொல்வது மரக்காணத்தில். அதன்படி நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் டைப் செய்தேன். அப்போது கடைக்கு வந்த உப்பளக்காரர் பஞ்சநாதன் அதைப் படித்துப் பார்த்தார். அவர் மகன் சரத்குமாரும் அதே கல்லூரியில்தான் படிக்கிறான். அவர், “ஏம்மா, கம்ப்ளெயிண்ட்டுன்னு தலைப்பு போடாத. நாளைக்கு சர்டிபிகேட் குடுக்கப் போறது அவங்கதான? ரிக்வெஸ்ட்டுன்னு போடு, மரியாதையா இருக்கும்” என்றார். சரி என்று தலைப்பை மாற்றி, 8-8-2005 அன்று மனுதாரர் கையில் கடிதத்தைக் கொடுத்தேன். காப்பி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், தெரிந்தவர்தானே என்று என் காரியத்தில் கையெழுத்து வாங்காமல் வந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு பதில் எதுவும் வராததால், வெளிநாட்டு மாணவர்களின் புகாரைக் கேட்பதற்கு அங்கே இருக்கும் அலுவலகத்துக்கு முஹ்சின் எழுதினான். செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு பெண் அதிகாரி அவனுக்குப் போன் செய்து, கல்லூரியிடம் முதலில் கம்ப்ளெயிண்ட் செய்தாயா என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் கம்ப்ளெயிண்ட் என்றால் இந்தக் காவல் நிலையத்துப் படி ஏறுவதுதான். படிக்கிற இடத்தின் மேல் போலீசுக்குப் போகிறவன் என்று தன்னை நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, அவன் ‘நோ மேடம், நெவர்’ என்று சொல்லிவிட்டான். அந்த அலுவலகத்து விதி என்னவென்றால், கல்லூரியிடம் புகார் கொடுத்து, கல்லூரி அதை மறுத்த பிறகுதான் அவர்கள் மனுவைக் கையில் எடுப்பார்கள். எனவே, புகார் கொடுத்ததற்கும் மறுத்ததற்கும் 15ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் சான்று வர வேண்டும், இல்லாவிட்டால் மனு முடிக்கப்படும் என்று அந்தப் பெண் அதிகாரி சொல்லிவிட்டார். கடிதத்தின் காப்பியை அனுப்பினோம். ரிக்வெஸ்ட் என்பது புகார் ஆகாது, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். முஹ்சின் எனக்குப் போன் செய்து, “நல்ல புள்ளையா பதில் சொல்லணும்னு சொன்னேன்க்கா, அதுவே வினையாப் போச்சு” என்று அழுதான். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவன் மேல், பாதி என் மேல்.

அதன் பிறகு நான்கு முறை மாடி ஏறியும் மனுதாரர் இல்லை என்றே சொன்னார்கள். 15-9-2005 அன்று காலை 11.15 மணிக்கு, கடிதத்தின் காப்பியை எடுத்துக்கொண்டு, பஞ்சநாதனையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று மனுதாரர் இருந்தார். பையன்களைச் சேர்க்க வந்த இரண்டு குடும்பத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் வாங்கிக்கொண்டதற்கு இப்போதாவது கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். அவர், “என்னா கடுதாசி? ஒழுங்கா கிளாசுக்குப் போகாதவனுக்கு நான் என்னா பண்றது?” என்றார். நான், “அப்ப முடியாதுன்னாவது எழுதிக் குடுங்க சார்” என்றேன். முடியாது என்று எழுதினால் ரிக்வெஸ்ட்டாவது போய்ச் சேர்ந்தது என்று காட்டலாம், அவ்வளவுதான் என் எண்ணம். வந்திருந்தவர்கள் முன்னால் தன் அதிகாரத்தைக் காட்ட வேண்டுமே. அவர் காப்பியை இழுத்து, அதன் மேலேயே ஆங்கிலத்தில், ‘8-8-2005இல் கொடுத்த கம்ப்ளெயிண்ட் ரிஜெக்டட்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, சீலை ஓங்கிக் குத்தி, என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் படித்துப் பார்த்தேன். நாங்கள் மரியாதைக்குப் பயந்து எழுதாத வார்த்தையை அவரே எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ரொம்ப நன்றிங்க சார்” என்று சொன்னேன். நன்றி சொன்னதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. “இரும்மா, அத குடு, வேற மாதிரி எழுதித் தர்றேன்” என்று எழுந்து வந்தார். தேவையில்லை என்று தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மனுதாரர் தன் மனுவில் சொல்லியிருப்பதுபோல் நான் யாரையும் தள்ளவில்லை, நாற்காலியை உடைக்கவும் இல்லை. இதற்குப் பஞ்சநாதன் சாட்சி. அதன் பிறகு நேராகக் கடைக்கு வந்து 12 மணிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அப்போது அங்கே மணி நாலரை.

மறுநாள் 16ஆம் தேதி காலை அந்த அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. புகார் ஏற்கப்பட்டது, விசாரணை முடியும்வரை முஹ்சினின் வருகைக் குறைவைக் காட்டி விசா ரத்துக்குக் கல்லூரி எழுதக் கூடாது என்று உத்தரவிட்டிருந்தார்கள். கல்லூரியின் பதிலையும் தனியாகக் கேட்டிருந்தார்கள். அன்று மாலையே மனுதாரர், தன் அலுவலகத் தாளை நான் பறித்துச் சென்றதாக இந்த நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறார். தாள் என் கடைத் தாள், டைப் என் டைப். எழுதியதும் சீலும்தான் அவருடையது. அதையும் கேட்டு வாங்கினேன், பறிக்கவில்லை. அசலைப் பார்வைக்கு இப்போது ஒப்படைக்கிறேன், ரசீது வேண்டும்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

கையெழுத்துப் போடுவதற்கு முன், மேற்கொண்டு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்வதாவது: அப்படி ஒரு புகாரே வரவில்லை, சீல் போலி என்று கல்லூரி மெல்போர்னில் பதில் கொடுத்திருப்பதாக நேற்று முஹ்சின் சொன்னான். ஆனால் மனுதாரர் இந்த நிலையத்தில் கொடுத்து, இன்று விசாரணையில் எனக்குக் காட்டப்பட்ட மனுவின் இரண்டாவது வரியில், ‘மேற்படி ஷாகிரா கல்லூரி மீது கொடுத்த புகாரை நான் நிராகரித்து எழுதிய தாளை’ என்று தன் கைப்படவே எழுதியிருக்கிறார். அந்த மனுவின் நகல் ஒன்று, நிலைய முத்திரையுடன், எனக்கு இன்றே வேண்டும். இங்கே ஃபேக்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, என் கடையில் இருக்கிறது.

(ஒப்பம்) ஷாகிரா