தொட்டி பழகும் வரை

உப்புநீர்த் தொட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே மீனை விட்டுக் கொன்றுவிடுகிறார்கள், சார். எனக்கு அந்த அவசரம் கிடையாது. உப்புக் கலந்த தண்ணீரில் ஓர் இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும். அழுகலில் நஞ்சு ஊறும். அந்த நஞ்சைத் தின்னும் கிருமி தானாக வளரும். நஞ்சு அடங்கிய பிறகுதான் மீன். ஐந்தாறு வாரம் ஆகும்.

கிள்ளான் கிடங்கில் இரவு வேலையை விட்ட பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். நான் தங்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் வீடு என் பெரியப்பா மகன் டொமினிக்குடையது. நல்ல மனுஷன். இறால் நாற்றம் மட்டும் அவருக்கு ஆகவில்லை.

“டேய் லியோனல், இது வீடா, மீன் பாசாரா? எனக்குப் பேசின பொண்ணு வாசலோட திரும்பிப் போயிட்டா லா. ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு வருவேன். தொட்டி இருந்துச்சுன்னா, நானே கவுத்துருவேன்.”

அதே வாரம் பம்ப் வயரில் உப்பு ஏறி, தண்ணீரில் கரண்ட் கசிந்தது. கசிந்தால் மெயின் சுவிட்ச் தானே விழும், பம்ப் நிற்கும், காற்றில்லாமல் கிருமி சாகும். மூன்று முறை விழுந்தது. பிறகு விழாதபடி செய்துவிட்டேன். நான் ரப்பர் செருப்போடுதான் பக்கத்தில் போவேன். ஒருமுறை விரல் பட்டுத் தோள்வரை இழுத்தது. அண்ணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிறு அவர் வந்தபோது தரையை அப்போதுதான் துடைத்திருந்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்றார்.

“பக்கெட் எங்கடா?”

“தொட்டிய விடுங்கண்ணே. இறால எடுத்துட்டா நாத்தம் போயிடும்.”

“எதுல எடுக்க?”

“கையாலதான்.”

“கிறுக்குப் பய” என்று சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் கத்தவில்லை. விழுந்தார்.

சுவிட்சை அணைத்து அவரை நகர்த்தினேன். மூச்சு இருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார். எனக்குக் கிருமியின் கவலை. செத்திருந்தால் பத்தொன்பது நாள் வீண். பம்பை மறுபடி ஓடவிட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்துச் சோதனை மருந்தைச் சொட்டினேன். பச்சை வந்தால் நஞ்சு இருக்கிறது, மஞ்சள் வந்தால் இல்லை. நிறம் தெரிய ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஆம்புலன்சைக் கூப்பிட ஏன் தாமதம் என்று கேட்டீர்கள். நான்காவது நிமிடம் அவர் மூச்சு நின்றது. ஐந்தாவது நிமிடம் மஞ்சள் வந்தது. உடனே கூப்பிட்டேன், சார். ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.