ஆறு சந்தனப் பொட்டுகள்

சந்தனம் அரைப்பது எனக்கு நன்றாக வரும். தண்ணீர் அதிகம் சேர்க்கக் கூடாது. கட்டையை அவசரமில்லாமல் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். வெண்ணெய்ப் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் இரும்பில் வைத்தால் வழியாது. கல்யாணமான வருடத்திலிருந்து, என் மனைவியின் அண்ணன் மயில்சாமியின் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைத்தவன் நான்தான். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த மாப்பிள்ளைக்கு அவர்கள் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

ஐயா, நான் 1976-இல் எழுதிய அலுவலகக் குறிப்பின் நகலை மட்டும் கேட்டிருந்தீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட என்னால் முடியவில்லை. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பில் உள்ள ரிவால்வர் மயில்சாமியின் பாட்டனாருக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தது. அதில் தோட்டா போட முடியாது. உருளையில் உள்ள ஆறு அறைகளிலும் முன்பக்கமாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் இட வேண்டும். பின்பக்கத்தில் அறைக்கு ஒன்றாக ஆறு சிறிய காம்புகள் இருக்கும். அவற்றின் மேல் செம்புத் தொப்பி செருக வேண்டும். கேப்பு என்பார்கள். துப்பாக்கியின் சுத்தி கேப்பின் மேல் விழுந்தால் வெடிக்கும். சுத்தியைப் பின்னுக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் உருளை சுழன்று அடுத்த அறை நேருக்கு வரும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் உரிமம் இல்லாத ஆயுதங்களை வைத்திருந்தவர்கள் பயந்து வெளியே கொண்டுவந்தார்கள். அப்போதுதான் மயில்சாமி நான் எழுத்தராக இருந்த தாலுகா அலுவலகத்துக்கு அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ஆயுத உரிமக் கோப்புகள் என் மேசையில் இருந்தன.

"ஏனுங்க, இது சாமிக்கு வெக்கற சாமானுங்க. இதுக்கும் லைசென்சு கேட்டா, நாளைக்கு அருவாமணைக்கும் கேப்பீங்களாட்ட இருக்குது" என்றார்.

ஆயுதச் சட்டத்தில் பழைய துப்பாக்கிகளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பிரிவைப் பலரும் பாதிதான் படிக்கிறார்கள். நூறு வருடப் பழையது என்பதால் மட்டும் ஒன்று விலக்குப் பெறாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்த முடியாது என்றிருக்க வேண்டும். மயில்சாமியின் ரிவால்வரில் ஆறு காம்புகளும் துருவால் அடைத்திருந்தன. வேறு குறை இல்லை. துருவை எடுத்தால் அது சுடும் என்று எனக்குத் தெரியும். 'பழுது பார்த்தாலும்' என்ற சொல்லுக்கு வந்தபோது பேனாவைச் சற்று நிறுத்தினேன். பிறகு, சுடாது என்றே எழுதினேன். மேலதிகாரிகள் குறிப்பின் அடியில் கையெழுத்திட்டார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் மயில்சாமி என் ஊர், குலக் கூட்டம், குடும்பம் எல்லாம் விசாரித்துத் தன் தங்கை வசந்தாமணியை எனக்குக் கொடுத்தார். 1977-இல் கல்யாணம்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பூஜை முடிந்ததும், சுத்தியல்களுக்கும் துளை போடும் மெஷினுக்கும் நடுவில் வைத்திருக்கும் ரிவால்வரை மயில்சாமி எடுப்பார். புது லாரிக்கு முன்னால் வைத்த பூசணிக்காயைக் குறிபார்த்து ஒருமுறை விசையை இழுப்பார். டிக் என்று கேட்கும். ஆட்கள் பூசணிக்காயைத் தூக்கி உடைப்பார்கள். அதோடு முடிய வேண்டிய வழக்கம். நான் மாப்பிள்ளையாகப் போன முதல் வருடம், அவர் இரண்டாவது முறை சுத்தியைப் பின்னுக்கு இழுத்து என் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

"சட்டப்படி இது துப்பாக்கி இல்லீங்க மாப்ளே. நீங்களே எழுதிக் குடுத்ததுதான். அப்பறம் என்னத்துக்குக் கண்ணை மூடறீங்க?"

நான் கண்ணை மூடியிருந்தேன். வெல்டிங் வைப்பவர்களிலிருந்து பெயிண்டர் வரை எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வருடமும் அவர் அப்படியே பிடித்தார். வசந்தாமணி ஆரத்தித் தட்டோடு நடுவில் வந்து நின்றாள்.

"அவுரு பயந்துக்குவாருங்ணா. என்னையச் சுடுங்க."

டிக். முந்தின வருடத்தைவிடச் சிரிப்பு அதிகம். அவள் என் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். அதிலிருந்து அதுவும் வழக்கத்தில் சேர்ந்துவிட்டது. தெரிந்தவர்கள் அலுவலகத்துக்கு வந்தால், இந்த வருஷமும் அம்மணிதான் காப்பாத்துச்சுங்களா என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன்.

1981-இல் பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு ரிவால்வரைத் துருப்போக்கித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிவந்தேன். மயில்சாமிக்குச் சந்தோஷம். கெங்கவல்லிப் பக்கம் செங்கோடன் என்று ஒரு விவசாயி, காட்டுப்பன்றி விரட்ட உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். சோதனைக்கு என்று கேட்டதும் கேப்பும் கருமருந்தும் ஈயமும் கொடுத்தார். அலுவலக வேலை என்று நம்பிய மனிதர். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

காம்புகளைச் சுத்தம் செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பளபளன்னு ஆயிருச்சுங்களே என்றாள்.

பூஜையன்று வழக்கம்போலச் சந்தனம் அரைத்தேன். ஆறு காம்புகளுக்கும் பொட்டு வைத்தேன். ஐந்தில் வெறும் காம்பின் மேல், ஒன்றில் கேப்பின் மேல். நடுவில் குங்குமம். ஆறும் ஒரே அளவில் இருந்தன. கேப்பு துளிகூட வெளியே தெரியவில்லை. நானே எடுத்துப் போய்ப் படைத்தேன். வேறு யாரும் தொடவில்லை.

கருமருந்துக்குப் புகை அதிகம். அது விலகியபோது தட்டு தரையில் கிடந்தது. கற்பூரம் தட்டுக்கு வெளியே எரிந்துகொண்டிருந்தது. மயில்சாமி ரிவால்வரைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வாங்கி வைக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் மாமியார் பாப்பாயி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"சாமி, ஒண்ணு மண்ணுக்குள்ள போயிருச்சு. இன்னொண்ணையாவது ஊட்டுக்குக் கொண்டாந்து குடுங்க. உங்களுக்குத்தான் சட்டம் தெரியும்."

கைதான மயில்சாமிக்கு ஜாமீன் மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அது தள்ளுபடியானதற்கு என் எழுத்து காரணமில்லை.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். ரிவால்வரின் காம்புகளை மயில்சாமியே தன் பட்டறையில் திறமையாகச் சுத்தம் செய்து, மருந்திட்டு, மறந்துபோனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வாங்கிப் போனதை அவர் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் சுத்தியல் பிடிக்கிறவர். அந்த நுணுக்கம் அவர் கைக்கு வராது. அது என் வேலை. என் குறிப்பையும் கவனக்குறைவானது என்கிறீர்கள். கவனத்தோடு எழுதிய பொய் அது.

நான் ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அது துப்பாக்கிதான் என்று ஊர் முன்னால் நிரூபிக்க நினைத்தேன். பூசணிக்காய் சிதறும், ஆயுதம் பறிமுதலாகும், மயில்சாமி மேல் வழக்கு வரும், இனி ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். கொஞ்ச நாள் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பூசணிக்காய்க்கு வேண்டியது முதல் அறை. நான் மருந்திட்டது இரண்டாவது அறையில்.

அதற்கும் காரணம் உண்டு. மயில்சாமி என்னைச் சுட வேண்டும், கொலைகாரனாக நிற்க வேண்டும். அதற்கு நான் சாகத் தயாராக இருந்தேன். வசந்தாமணி குறுக்கே வருவாள் என்பது அன்று என் நினைவில் இல்லை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

என் பணிப் பதிவேட்டைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு முந்தின நாள், மறுநாளிலிருந்து பதினாறு நாளைக்கு ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில், சொந்தக் காரியம். சாகப் போகிறவன் விடுப்பு எழுதிக் கொடுப்பானா என்பீர்கள். எழுத்தர்கள் கொடுப்பார்கள், ஐயா. அது வெறும் பழக்கம்.