தலை ஒரு வீட்டில், வால் ஒரு வீட்டில்

பொகவந்தலாவை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் முஸ்லிம் துணி வியாபாரி நானாவும் ஒரு தேயிலைத் தோட்டக் கங்காணியும். மகளுக்கு வந்த வரனை, ஹட்டனில் பையன் வீட்டுக்கே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வருகிறார் கங்காணி.

“ஜாதகத்துல பொண்ணுக்கு ஏழாம் வீட்டுல ராகு, பையனுக்கு ஏழாம் வீட்டுல கேது. ரெண்டு பாம்பு, நானா!”

“ஒண்டுதான் கங்காணி. அரபில அதுக்குப் பேர் ‘தின்னீன்’.”

புத்தகத்தை மூடிவிட்டுக் காதைத் தீட்டினேன்.

“அப்பிடின்னா?”

“பெரிய கடல்பாம்பு. அரபிக்கும் முந்தின பாஷைகள்லயே இருந்த சொல்லாம். மேகம் அதக் கடல்ல இருந்து வானத்துக்குத் தூக்கிச்சாம். எங்கட பழைய வானசாஸ்திரத்துல ராகு அதுட தலை, கேது வால்.”

“அப்ப எம் பொண்ணு தலை, அந்தப் பையன் வாலா?”

“ஓம். நீங்கதான் நடுவுல வெட்டிட்டு வாறீங்க.”

கங்காணி தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அவளுக்கும் பையனப் புடிச்சிருக்கு, நானா.”

சட்டென்று எழுந்து மணிக் கயிற்றை இழுத்தார்.

“பஸ்ஸ நிறுத்துங்க தம்பி! சம்பந்தி வீட்டுக்குத் திரும்பிப் போறேன்!”