கொடுத்த கையைப் படம் பிடித்தோம்

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் மஹல்லாத் தலைவர், மதிப்புக்குரிய அலியார் ஹாஜியார் அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் மௌலவி அவர்களே! மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, இந்தக் கரைத்தீவுக் களப்புக் காற்றில், கிடுகுக் கொட்டிலுக்குள் எங்களை வளர்த்தெடுத்து, இன்று முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! என்னைப் பெறாமலே மகள் என்றழைக்கும் தாய்மார்களே! கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பிமாரே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும்!

என்ன நுஸ்ரா ராத்தா, சிரிக்கிறீங்க? "பொருளாளர் எழும்பினா கணக்குத்தானே வாசிப்பா, டீயக் குடிச்சிட்டு வருவம்" எண்டு நீங்க சொன்னது மைக்குக்கே கேட்டுட்டுது. இருங்க. இண்டைக்குக் கணக்கு கொஞ்சம். வெட்கந்தான் கூட.

அந்தக் கொஞ்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் முதியோரை வைத்துப் பராமரிக்கும் தனியார் இல்லமொன்றில் விசாரித்தேன். மாதம் அறுபத்தையாயிரம் ரூபாய் என்றார்கள். மருந்தும் பம்பஸும் வேறு. வீட்டுக்கு வந்து பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம். இறால் பண்ணையில் கூலிக்கு நிற்கும் குடும்பம் அதற்கு எங்கே போகும்? அரசாங்கம் தரும் முதியோர் கொடுப்பனவு மருந்துக்கடை வாசலோடு முடிந்து போகிறது.

அதனால்தானே பழைய மத்ரஸாக் கட்டிடத்தைக் கழுவித் துடைத்து, பகல்நேரப் பராமரிப்பு நிலையம் திறந்தோம்? காலையில் வேன் வரும். கஞ்சி கிடைக்கும். பிரஷர் பார்க்கத் தாதி வருவார். பக்கவாதத்தில் கைகால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி உண்டு. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பலாம். ஆளுக்கு மாதம் ஒன்பதாயிரத்துக்குள் அடக்கினோம். இல்லாத வீட்டில் ஒரு சதமும் கேட்கவில்லை.

நல்ல காரியம். நாயன் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் அந்த நல்ல காரியத்தை நாம் எப்படித் தொடங்கினோம்? திறப்பு விழா நினைவிருக்கிறதா?

இதே மேடை. இதே மைக். "அடுத்ததாக, ஆதரவற்ற தாயொருவருக்கு உலருணவுப் பொதி" என்று அறிவித்தோம். ஓர் உம்மா ஏறி வந்தார். வலப்பக்கம் விழுந்தவர். பெருநாளுக்கென்று எடுத்து வைத்த வெள்ளை உடுப்பை உடுத்து, அத்தர் பூசி, கலியாண வீட்டுக்கு வருவதைப் போல வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஏன் சிரிக்க மாட்டார்? அத்தனை நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தவருக்கு ஆளும் பேருமாய் ஓர் இடம் கிடைத்திருக்கிறதே!

அப்போது ஒரு குரல் கேட்டது. "உம்மா, பொதிய கொஞ்சம் உசத்திப் புடிங்க. சிரிக்காதீங்க உம்மா. கொஞ்சம் கவலையாப் பாருங்க, படத்துக்கு."

அந்த உம்மா கேட்டார்: "ஏன் புள்ள? எனக்குக் கவல ஒண்டும் இல்லியே?"

அப்படிச் சொன்னது யார் தெரியுமா? தம்பிமாரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். ஹாஜியாரையும் பார்க்காதீர்கள். நான்! உங்கள் பொருளாளர்! கவலையான படத்துக்குக் காசு கூடுதலாக வரும் என்று கணக்குப் பார்த்தவள் நான்!

அதன்பின் அந்த உம்மா மூன்று மாதம் நிலையத்துக்கு வந்தார். அதற்குள் படம் பறந்தது. களப்பைக் கடந்தது, கடலைக் கடந்தது, கட்டாரில் கட்டிட வேலை செய்யும் அவருடைய மகனின் அறைக்குள்ளும் போய் விழுந்தது. கூட இருந்தவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்களாம்: "ஒன்ட உம்மாக்கு ஆருமில்லியா மச்சான்?"

மறுநாள் வேன் போய் ஹோன் அடித்தது. மருமகள் மட்டும் வெளியே வந்தார். "மாமி இனி வரமாட்டா. அவரு வேணாமெண்டுட்டாரு. 'நான் இங்க வெயில்ல காயிறது என்ட உம்மா ஆதரவற்றவ எண்டு பேரெடுக்கவா?' எண்டு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

யாரெண்டு கேக்காதீங்க ராத்தா. தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. ஒருக்கா நாங்க ஊருக்குக் காட்டினது போதும்.

இன்று அந்த மருமகள் விடியச் சுபஹோடு இறால் பண்ணைக்குப் போகிறார். போகும்போது கேற்றைப் பூட்டுகிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள், போகாவிட்டால் அடுப்பெரியாது. உள்ளே ஒரு பிளாஸ்க் தேநீர், ஒரு துண்டுப் பாண், ஒரு தாய். எங்கள் நிலையத்தில் பயிற்சி செய்து, கோப்பை பிடிக்குமளவுக்கு விரிந்து வந்த விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டு போகின்றன.

இப்போது கேட்கிறேன், எது வெட்கம்? தாயைப் பகலில் ஓரிடத்தில் விடுவதா வெட்கம்? உழைக்கப் போன மகனுக்கு உதவி தேவைப்படுவதா வெட்கம்? இல்லை! கொடுத்த கையைப் படம் பிடித்தோமே, அது வெட்கம்! சிரித்த முகத்தைச் சோகமாக்கச் சொன்னோமே, அது வெட்கம்! மறைத்துக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, மைக் வைத்துக் கொடுத்தோமே, அது வெட்கம், வெட்கம்!

நேற்று அந்த மகனுக்குக் கோல் எடுத்தேன். போனில் நான் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மேடையில ஏத்தித்தானே படத்தப் போட்டீங்க ராத்தா? மேடையில ஏறியே சொல்லுங்க. நான் கண்ணால பாக்கணும். அப்பதான் உம்மாவ அனுப்புவன்."

அதற்குத்தான் ஏறியிருக்கிறேன்.

ஹாஜியார் அவர்களே, இதோ மேசையில் இன்றைக்கும் பொதிகள். முன்வரிசையில் அவற்றை வாங்க வந்திருக்கும் பெரியவர்கள். உங்கள் பணத்தில்தான் வேன் ஓடுகிறது. நீங்கள் கையை எடுத்தால் அது நின்றுவிடும் என்பது கணக்கு வைக்கும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கேட்கிறேன். இவர்களில் ஒருவரையும் மேடைக்கு அழைக்க வேண்டாம். பொதிகள் மாலையில் வீட்டுக்குப் போகட்டும். படம் வேண்டாம். பேர் வேண்டாம்.

என்ன சொல்றீங்க ஹாஜியார்? "அப்ப நான் எதுக்குப் புதுச் சேட்டுப் போட்டு வந்த?" எண்டா? சிரியுங்க, எல்லாரும் நல்லாச் சிரியுங்க! ஹாஜியாரும் சிரிக்கிறார். தலையையும் ஆட்டிவிட்டார். பார்த்தீர்கள்தானே? அல்ஹம்துலில்லாஹ்.

ரிஷாத் தம்பி, பேஸ்புக்ல நேரடியாப் போட்டுக்கிட்டிருக்கீங்கதானே? முன்வரிசையக் காட்டாதீங்க. என்னைய மட்டும் காட்டுங்க.

கட்டாரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மகனே! உங்கள் தாய் ஆதரவற்றவர் அல்லர். அப்படி இந்த ஒலிபெருக்கி சொன்னது பொய். அவருக்கு நீங்கள் இருக்கிறீர்கள். உழைத்துக் களைத்து வந்து கஞ்சி ஊட்டும் ஒரு மருமகள் இருக்கிறார். சிரித்த முகத்தைக் கவலைப்படச் சொன்னவள் நான். படத்தை அழித்துவிட்டோம். அதைப் பார்த்த கண்களிலிருந்து அதை அழிக்க எங்களால் முடியாது. இந்தச் சபை சாட்சியாக, உங்களிடமும் உங்கள் தாயிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நாளைக் காலையில் வேன் வரும். ஹோன் அடிக்க மாட்டோம். நானே இறங்கி வந்து கேற்றடியில் சலாம் சொல்வேன். பூட்டுத் திறப்பை உங்கள் மனைவி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், மகனே. அதை உம்மாவின் இடது கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம். அவர் வராவிட்டால் மறுநாளும் வந்து நிற்பேன்.

என் வெட்கத்தைப் பொறுமையோடு கேட்டுக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இறைவன் நம் குறைகளை மறைப்பானாக. அஸ்ஸலாமு அலைக்கும்.