ஏழாவது பந்தயத்தின் மீதான ஆட்சேபம்

எங்கள் யெரங்கா மைதானத்தில் ‘பை’ என்கிற, கறி அடைத்துச் சுட்ட பண்டம் நன்றாக இருக்கும். மேலோடு மொறுமொறுவென்று உடையும், உள்ளே குழம்பு நாக்கைச் சுடும். பந்தய நாட்களில் மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். பசியோடு உட்கார்ந்து யாருடைய வழக்கையும் கேட்கக் கூடாது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தேன். சம்பவம் நடந்த அன்றும் சாப்பிட்டிருந்தேன். அன்று எனக்குப் பசியோ தலைவலியோ காய்ச்சலோ எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மையீர், வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் டார்சி ரென்னிக் என்ற ஓட்டுநரின் மேல்முறையீட்டைக் கேட்கப் போகிறீர்கள். ரேக்ளாப் பந்தயத்தில் கவனக்குறைவாக ஓட்டி, கிளெம் ஹார்க்னெஸ் என்ற மூத்த ஓட்டுநரின் சாவுக்குக் காரணமானான் என்று அவனுக்குப் பத்து வருஷத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. விதித்தவன் நான், தலைமை நடுவர் நெவில் ஸ்ட்ராகன். உங்கள் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் அவன்மேல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்போம் எனக் காவல்துறையும் சொல்லியிருக்கிறது. கோப்பில் என் அறிக்கை நான்கு பக்கம் இருக்கும். அதில் மூன்றாம் பக்கம் சரியில்லை. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆட்சேபங்களை நாங்கள் எப்படித் தீர்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் நான் எப்படிச் செய்வேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதாக வந்தவன், முன்னால் போனவன் எனக்கு இடைஞ்சல் செய்தான் என்று ஆட்சேபம் போடுகிறான். இருவரையும் அறைக்குள் அழைத்து, கேமராவில் பதிவான பந்தயப் படத்தை ஓட்டுகிறோம். இரண்டே கேள்விதான். இடைஞ்சல் நடந்ததா? நடக்காமல் இருந்திருந்தால் இவன் அவனை முந்தியிருப்பானா? முதல் கேள்விக்குப் படம் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் படம் கிடையாது. நடக்காத ஓட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்ணை மூடினால் குதிரையின் மூச்சுகூடக் கேட்கும்.

கிளெமுக்கு எங்கள் வட்டாரத்தில் ‘ஆட்சேப கிளெம்’ என்று பெயர். இரண்டாவதாக வந்தால் போதும், ஆட்சேபம் நிச்சயம். அவன் செய்கிற விதமும் எல்லோருக்கும் தெரியும். முன்னால் போகிற வண்டி கொஞ்சம் உள்ளே சாய்ந்ததும் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பான். குதிரை தலையைத் தூக்கும், நடை கலையும். அதே நொடியில் இருக்கையில் எழும்பி, இடது கையை உயரத் தூக்கி ஆட்டுவான். படத்தில் பார்த்தால் யாரோ அவனைக் கொல்ல வந்தது மாதிரியே இருக்கும்.

“என் குதிரை மூக்குமேலேயே வண்டிய ஏத்திட்டான் தலைவரே. நான் மட்டும் இழுத்துப் பிடிக்கலேன்னா இந்நேரம் எல்லாரும் மணல்ல என் பல்லத் தேடிக்கிட்டு இருப்பீங்க” என்பான்.

“உனக்கு ஏதுப்பா பல்லு? போன வருசம் கட்டுன செட்டுதானே அது?” என்பான் இன்னொரு ஓட்டுநரான கெல்வின் ஆட்லி.

“கட்டுனதுன்னாலும் பல்லு பல்லுதான்டா.”

அறையே சிரிக்கும். கிளெமும் சேர்ந்து சிரிப்பான். நான் சிரித்ததில்லை. அது என் வேலையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நானும் ஓட்டுநராக இருந்தேன். ஈஸ்டர் கோப்பையில் என் பெண்குதிரை அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. பின்னால் வந்த கிளெம் கையைத் தூக்கினான். நான் அவன் பாதையைத் தொடவே இல்லை. நடுவர்கள் படத்தை மூன்று தடவை ஓட்டிவிட்டு ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வரும்போது கிளெம் என் தோளில் தட்டி, “மனசுல வச்சுக்காத மச்சான். எனக்குப் படம் நல்லா விழுந்துச்சு, அவ்வளவுதான்” என்றான். இரண்டு மாதத்தில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு நடுவர் தேர்வு எழுதினேன்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் நடுவரான பிறகு அவன் அறுபத்தொரு ஆட்சேபம் கொண்டுவந்தான். ஐம்பத்தெட்டைத் தள்ளுபடி செய்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் விசாரித்தேன்.

இனி ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஏழாவது பந்தயம், பத்துக் குதிரைகள், இரண்டரைச் சுற்று. பின்பக்க நேர்ப் பாதையின் ஓரத்தில் எங்களுக்கு ஒரு பரண் உண்டு. வழக்கமாக அதில் நிற்கிறவருக்கு அன்று குளிர்காய்ச்சல். ஆள் இல்லாததால் நானே ஏறினேன். துணை நடுவர் பெவ் லாக்கியர் எதிர்ப்பக்கம் மேடையில் இருந்தாள். பரணில் மூன்று பொருள் இருக்கும்: பைனாகுலர், வாக்கி-டாக்கி, ஒரு சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் மைதானம் முழுக்கச் சங்கு ஊதும், கம்பங்களில் விளக்கு மின்னும், ஓட்டுநர்கள் எல்லோரும் குதிரையை நிறுத்தியாக வேண்டும். ஆம்புலன்ஸும் சங்குக்கோ பரணிலிருந்து வரும் உத்தரவுக்கோதான் நகரும். யாராவது பாதையில் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். எங்களுடையது சின்ன மைதானம். போன குதிரைகள் ஒரு நிமிஷத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும்.

முதல் சுற்றில் பரணுக்கு எதிரே வரும்போது, கிளெமை முழுசாகத் தாண்டுவதற்கு ஒரு கணம் முன்பே டார்சி உள்ளே சாய்ந்தான். அவன் சக்கரம் கிளெமின் சக்கரத்தில் மாட்டியது. கிளெமின் வண்டி கவிழ்ந்தது, குதிரை உடைந்த ஏர்க்காலோடு ஓடிவிட்டது. கிளெம் பாதையில் கிடந்தான். கேமரா முன்னால் போகிற குதிரைகளோடு போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் மட்டுமே சாட்சி.

அவன் இடது கையைத் தூக்கினான்.

மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: அந்தக் கையைப் பார்த்ததும் வழக்கம்போல நடிக்கிறான் என்று நினைத்தேன், நடிப்பில்லை என்று புரிந்தபோது பொத்தான் வேலை செய்யவில்லை, வாக்கி-டாக்கியில் சத்தமே வரவில்லை, முந்தின இரவு பெய்த மழையின் ஈரம் காரணமாக இருக்கலாம். மறுநாள் மின்வேலைக்காரர் வந்து பார்த்தபோது பொத்தான் நன்றாகவே வேலை செய்தது. “ஈரம் காய்ஞ்சிருக்கும் சார்” என்று அவரே எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

குதிரைகள் திரும்பி வந்தபோது மாலை வெயில் ஓட்டுநர்களின் கண்ணில் நேராக அடித்தது. முன்னால் வந்தவர்கள் கடைசி நேரத்தில் பார்த்து விலகினார்கள். பின்னால் வந்த இருவருக்குத் தெரியவில்லை. மருத்துவ அறிக்கை கோப்பில் இருக்கிறது.

அப்படி விலகியபோது ஜெயித்த வண்டி தனக்குக் குறுக்கே வந்தது என்று கெல்வின் ஆட்லி ஆட்சேபம் போட்டிருந்தான். வண்டியை விட்டு இறங்கிய வேகத்தில் போட்டது. பதினைந்து நிமிஷத்தில் அறையில் உட்கார்ந்தோம். அதற்குள் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்திருந்தது.

“தலைவரே, இதை இன்னிக்கே கேக்கணுமா? கிளெம் அங்க கெடக்கான்.”

“ஆட்சேபம் போட்டது நீதானே? முடிவு தெரியாம ஜனம் பணம் கட்டுன சீட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்குது. உக்காரு.”

“நான் வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“என் அனுமதி இல்லாம வாங்க முடியாது கெல்வின். விதி உனக்கே தெரியும்.”

“என்ன மனுசன்யா நீ” என்றான். அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை. ஆம்புலன்ஸ் சன்னலைக் கடந்துபோனது. சத்தம் ஓயும்வரை படத்தை நிறுத்தி வைத்தேன். பதினொரு நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. இடைஞ்சல் இருந்தது, ஆனால் முந்தியிருக்க மாட்டான். தள்ளுபடி. அது சரியான தீர்ப்பு. வேண்டுமானால் நீங்களே படத்தைப் பாருங்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு பெவ் என் அறைக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம்தான் ஆகிறது.

“சார், வாக்கி-டாக்கில உங்க குரல் எனக்குக் கேட்டுச்சே” என்றாள்.

“அதுதான் செத்துப்போயிருந்துதேம்மா. உனக்கு எப்படிக் கேட்கும்?”

“இல்ல சார், நீங்க பேசுனீங்க. எனக்கு நல்லா நினைவிருக்கு.”

“இப்படி ஒண்ணக் கண்ணால பார்த்தா யாருக்கும் மனசு குழம்பும். வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கு யோசிச்சா உனக்கே புரியும்.”

மறுநாள் வந்து, “நீங்க சொன்னதுதான் சரி சார், என் பிரமை” என்று கையெழுத்துப் போட்டாள். இப்போது அவள் எந்தப் படத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவரிடம், “உங்களுக்கும் அப்படித்தானே தெரியுது?” என்று கேட்டுக்கொள்கிறாள். நல்ல கண் அவளுக்கு. வீணாகிவிட்டது.

டார்சியின் விசாரணை சிரமமாக இல்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, “நான்தான் கொன்னேன் சார். எழுதிக்குங்க” என்றான். எழுதிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவன் அம்மா மவ்ரீன் ரென்னிக் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“அவன் சாப்பிட மாட்டேங்கிறான் மிஸ்டர் ஸ்ட்ராகன். குதிரைக் கொட்டாயில போய்ச் சுவத்தப் பாத்து உக்காந்துக்கிறான். அப்பீலு போட்டதே நான்தான். கையெழுத்து போடுடான்னா போட்டான். கயிறு, கடிவாளம் ஒண்ணு விடாம எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன்.”

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னான். நீங்கதான் கிட்டக்க நின்னீங்களாமே. கிளெம் விழுந்தப்பவே போயிட்டாரா? இல்ல, ரெண்டாவது சுத்துலயா?”

“விழுந்தப்பவே போயிட்டார். வலி தெரிஞ்சிருக்காது” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். “அப்ப எம்புள்ளதான்” என்றாள். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நன்றி சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நடந்தது இது.

கிளெம் விழுந்தபோது சாகவில்லை. பரணிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் கிடந்தான். கண் திறந்திருந்தது. கையைத் தூக்கியபோது நடிப்பு என்று நான் நினைத்தது மெய்தான், ஆனால் ஐந்தாறு நொடிதான் அப்படி நினைத்தேன். பிறகு அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் நடுவரான பிறகு பந்தய மைதானத்தில் தலைவரே என்றுதான் கூப்பிடுவான்.

“நெவில். காலு அசைய மாட்டேங்குது நெவில்.”

வாக்கி-டாக்கியில் பெவ் கேட்டாள்: “சார், கிளெம் எழுந்துட்டாரா? சங்கு ஊதச் சொல்லட்டுமா?”

“எழுந்துட்டான். பாதை காலி. ஓட விடு” என்றேன்.

குரல் தெளிவாக இருந்தது. வாக்கி-டாக்கியும் தெளிவாக இருந்தது. பொத்தான் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னும் நாற்பது நொடி பாக்கி. அந்த நாற்பது நொடியும் கிளெம் கையை இறக்கவில்லை. முதலில் என்னைப் பார்த்து ஆட்டினான். குளம்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பி ஆட்டினான்.

இரண்டாவது கேள்வியை எனக்கே போட்டுப் பார்த்துவிட்டேன். நான் சங்கு ஊதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்காத அந்த ஓட்டத்தை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் குதிரைகள் திருப்பத்திலேயே நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு தடவையும் கிளெம் பிழைத்துக்கொள்கிறான். ஒவ்வொரு தடவையும், சக்கர நாற்காலியிலாவது வந்து, என் அறையில் உட்கார்ந்து அடுத்த ஆட்சேபத்தைப் போடுகிறான்.

ஆகவே மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டு இக்கடிதத்தை அந்த இடத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிளெம் ஹார்க்னெஸ்ஸைக் கொன்றது நான். பெவ் லாக்கியர் கேட்டது பிரமையில்லை. அதை அவளிடம் யாராவது சொல்லிவிடுங்கள். காவல்துறைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். வீட்டில்தான் இருப்பேன்.

டார்சி ரென்னிக்கின் பத்து வருஷத் தடையை நீக்கிவிடுங்கள். ஆனால் அதில் ஆறு வாரத்தை மட்டும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அவன் உள்ளே சாய்ந்ததும் சக்கரம் பட்டதும் உண்மை. பாவம் பார்த்து அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால், பரணில் ஒரு நடுவரை நிறுத்தி வைப்பதில் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.